எல்லோருக்கும் ஏற்ற பட்டறை

கருவிகளைப் பொதுவில் வைத்து, ஊரார் தாமே பொருள் செய்து பழகும் இடமே பொதுப் பட்டறை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நம்மவர் வாழும் ஊர்களில் இப்படியொன்று அமைக்க எண்ணுவோர் முதலில் மூணாறைப் பார்க்க வேண்டும்.

டாடா டீ நிறுவனத்தின் ஆதரவில் 1991இல் அங்கே தொடங்கியது சிருஷ்டி நல அமைப்பு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தமிழர். அவர்கள் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் 'அதுல்யா' பிரிவில் கைக்காகிதம் செய்கிறார்கள், 'அரண்யா' பிரிவில் துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள்.

சாயவேலையைக் கவனியுங்கள். துணியை மடித்தல், நூலால் இறுகக் கட்டுதல், யூக்கலிப்டஸ் இலைச் சாயத்தில் முக்குதல், அவிழ்த்து அலசுதல் என்று அது பல படிகள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுவே பூவேலையாகிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்து கட்டலாம். காது கேளாதவர் பார்த்தே பழகலாம். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் பலருக்கும் வேலை அமையும்.

ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் கட்டடக் கணக்கையும் சொல்கிறேன். சாய்தளம் 1க்கு 12 விகிதம். வாசற்படி அரை அடி உயரமானால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். சக்கர நாற்காலி நுழையக் கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். மேசைக்கடியில் முழங்கால் நுழைய இடம் விடுங்கள். எச்சரிக்கைப் பலகை மலையாளத்தோடு தமிழிலும், படத்தோடும் இருக்கட்டும். பலகையைப் படிக்கத் தெரியாததால் யாரும் விரலை இழக்கக் கூடாது.

கட்டிய பின் இடித்துச் செய்வது வீண் செலவு. நம் சங்கங்கள் இயந்திரத்துக்கு விலை விசாரிக்கும் முன் வாசற்படியை அளந்து பார்ப்பது நல்லது.