அரைக்க அரைக்க ஒரே கை

சதகுப்பை விதையை நசுக்கி முகர்ந்து பாருங்கள். பிறகு புதினா இலையைக் கசக்கி முகருங்கள். இரண்டு மணத்திலும் முக்கியப் பங்கு கார்வோன் என்ற பொருளுக்குத்தான். அணுக்கள் அதேதான், அவை பிணைந்த வரிசையும் அதேதான். ஆனால் ஒன்று இடக்கை என்றால் மற்றது வலக்கை. உங்கள் மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது! இப்படி இரு கை உள்ளவை கைரல் பொருள்கள்.

பல மருந்துகளில் ஒரு கை நோயைத் தணிக்கும். மற்றது சும்மா கிடக்கும், சில சமயம் கெடுதலும் செய்யும். சாதாரணமாகத் தயாரித்தாலோ இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தே வரும். 1848-ல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். எவ்வளவு பொறுமை! மருந்து ஆலைக்கு அது ஆகுமா? அங்கே பிரிப்பதற்குக் கரைப்பான்களை ஏராளமாகச் செலவழிக்கிறார்கள். ஆலைக் கழிவில் பெரும்பங்கு கரைப்பான்கள்தான்.

2005-ல் மாட்ரிட் நகரின் கிறிஸ்டோபல் வியெட்மா வேறு மாதிரி முயன்றார். அவர் எடுத்தது சோடியம் குளோரேட். (நீங்கள் தேடிப் போகாதீர்கள், எளிதில் தீப்பிடிக்க வைக்கும் பொருள்.) நீரில் கரைந்திருக்கும்போது அதற்குக் கையே கிடையாது, படிகமானால்தான் இடமோ வலமோ ஆகும். இனிக் கரையாது என்னுமளவு உப்பேறிய நீரில் இரு கைப் படிகங்களையும் போட்டு, சின்னக் கண்ணாடி மணிகளோடு விடாமல் கலக்கினார். மணிகள் படிகங்களை நொறுக்கின. நுண்துகள்கள் கரைந்தன, கரைந்தது பெரிய படிகங்களில் போய் ஒட்டியது. கரைந்ததும் பழைய கை போய்விடுகிறதல்லவா? இடக்கையாக இருந்தது இப்போது வலக்கைப் படிகத்திலும் சேரலாம். ஒரு பக்கம் துளி கூடிவிட்டால் போதும், அது மேலும் மேலும் கூடும். கடைசியில் எல்லாப் படிகமும் ஒரே கை!

2008-ல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் அமினோ அமிலத்திலிருந்து செய்த ஒரு பொருளில் இதைச் செய்து காட்டினார்கள். அந்த மூலக்கூறு கரைந்த நிலையிலும் கையை விடாது. அதனால் கை மாற உதவும் ஒரு காரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லாப் பொருளும் இதற்கு மசியாது. பெரும்பாலானவற்றில் இரு கையும் ஒரே படிகத்துக்குள் ஜோடியாக உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு, முதலிலேயே ஒரு கையாகத் தயாரிப்பதுதான் நல்லது. ஜெர்மனியின் ஆஹன் நகரில் கார்ஸ்டன் போல்ம் குழு 2006-ல் அதையும் அரைத்தே செய்தது. உருண்டைகள் போட்ட ஜாடியில் மூலப்பொருள்களோடு ஒரே கையுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றினார்கள். கரைப்பான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. விளைந்ததில் பெரும்பங்கு ஒரே கை.