ஆடியவர் ஆட்டுவிக்க வரும்போது

2018 செப்டெம்பர், டாக்கா. தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத் தொடரில் இலங்கை இந்தியாவிடம் 2-0 என்று தோற்றது. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 2-0. இலங்கையும் மாலைதீவும் மோதிய ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரு அணிக்கும் ஒவ்வொரு புள்ளி, கோல் வித்தியாசமும் சமம், அடித்த கோல் இரு பக்கமும் பூச்சியம். அரையிறுதிக்கு யார் போவது என்பதைக் கடைசியில் காசு சுண்டித்தான் தீர்த்தார்கள். காசு மாலைதீவுக்கு விழுந்தது. அந்த மாலைதீவு இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு போனது.

அன்று இலங்கை அணியின் பயிற்றுவிப்பாளர் நிஸாம் பக்கீர் அலி.

டாக்காக்காரருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1980களில் அபஹானி கழகத்தின் பின்களத்தைக் காத்தவர் அவர். 1983, 1984, 1985 என்று அடுத்தடுத்து மூன்று தடவை டாக்கா லீக்கை அந்தக் கழகம் வென்ற காலம் அது. அபஹானியும் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும் மோதும் நாளில் நகரமே இரண்டு கட்சியாகிவிடும். பங்களாதேஷைக் கிரிக்கெட் பிடித்துக்கொள்வதற்கு முந்திய நாட்கள் அவை. ஒரு வெளிநாட்டுப் பின்கள வீரனை அந்த ஊர் இன்னும் நினைவில் வைத்திருப்பது சும்மா கிடைத்த பேறல்ல. கோல் அடிப்பவனுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசிகூடக் கோலைத் தடுப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு அவர் அங்கேயே கழகங்களைப் பயிற்றுவித்தார். நம்மூர்ப் பையன்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. மெஸ்ஸியின் பிறந்தநாள் தெரியும்.

நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்றுவிப்பாளர் ஆவாரா? உலகெங்கும் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மொரீனியோ பெரிய ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் ஐரோப்பாவை ஆண்டார். அமெரிக்கர்களோ தங்கள் ஊர் 'ஃபுட்போலில்' இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அங்கே குவாட்டர்பேக் என்று ஒரு இடம் உண்டு. பக்கத்துக்கு 11 பேர், முட்டை வடிவப் பந்து, 10 யார் முன்னேற நான்கு வாய்ப்பு. பெரும்பாலான வாய்ப்புகளில் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். வெளியே நிற்கும் பயிற்றுவிப்பாளரின் குரல் அவன் தலைக்கவசத்துக்குள் கேட்கும். அவர் எப்படி யோசிக்கிறார் என்பதை ஆண்டுக்கணக்கில் காதோடு வாங்கி வளர்பவன் அவன். ஆடி முடித்ததும் பல்கலைக்கழகங்கள் அவனைத் தேடி வருவதில் வியப்பில்லை.

அப்படி வந்தவர்தான் ஜிம் ஹார்போ. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக்காக இருந்து, 1987இல் சிக்காகோ பெயார்ஸ் அணிக்குப் போனவர். ஆனால் அவர் கதையில் நமக்கு வேண்டியது அந்தப் புகழ் அல்ல. தொழில்முறை வீரராகக் கொடிகட்டிப் பறந்த நாட்களிலேயே, தன் தந்தை பயிற்றுவித்த வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழக அணிக்குச் சம்பளமில்லாத உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு 2004இல் தலைமைப் பயிற்றுவிப்பாளராகப் போய்ச் சேர்ந்த இடம் சன் டியாகோ பல்கலைக்கழகம். அந்த ஆட்டத்தில் பெரிய பெயர் எதுவும் இல்லாத இடம். அங்கிருந்து 2007இல் ஸ்டன்போர்ட் போனார். அதற்கு முந்திய ஆண்டு ஒரே ஒரு வெற்றி, 11 தோல்வி கண்டிருந்த அணி அது. 2010இல் 12 வெற்றி, ஒரு தோல்வி.

2015இல் தாய்க்கழகமான மிச்சிகனுக்குத் திரும்பினார். அங்குள்ள மைதானத்தில் 107,601 பேர் உட்காரலாம். கொழும்பு சுகததாச அரங்கைப் போல நான்கு அரங்கை ஒன்றாக வைத்தாலும் இடம் போதாது. இத்தனைக்கும் அது மாணவர் ஆடும் மைதானம்! பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டிடம் முதல் ஐந்து தடவையும் தோற்றார். 2020இல் வெறும் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. நம் நாடாக இருந்தால் அந்த வாரமே மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். மிச்சிகன் அவர் சம்பளத்தைப் பாதியளவுக்கு வெட்டியது, ஆளை வைத்துக்கொண்டது. 2023 பருவத்தில் 15 ஆட்டம், 15 வெற்றி. 2024 ஜனவரி 8இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வீழ்த்தி தேசியச் சம்பியன். விதிமீறல் குற்றச்சாட்டுகளால் அதே பருவத்தில் இரண்டு தடவை அவர் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. மனிதர் மலக்கு அல்ல. ஆனால் ஒன்பது பருவம் என்ற அந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

இனி பக்கீர் அலியின் கணக்கு. காசு சுண்டிய அந்தத் தொடருக்குச் சில நாள் முன்னர்தான், நீல்பாமாரியில் நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் பங்களாதேஷை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று இலங்கை வென்றிருந்தது. 2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதல் சுற்று. மக்காவிடம் வெளியூரில் 1-0 தோல்வி. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கொழும்புக்கு வரமுடியாது என்று மக்கா மறுத்ததால், ஃபிஃபா அந்த ஆட்டத்தை 3-0 என்று இலங்கைக்கு எழுதிக்கொடுத்தது. ஆடாமல் கிடைத்த அந்த வெற்றியோடு அடுத்த சுற்றுக்குப் போய் விழுந்த குழுவில் தென் கொரியா, வட கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான். ஒக்டோபரில் தென் கொரியா எட்டுக் கோல் போட்டது. அதில் இரண்டு, இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகத்துக்கு ஆடிய சன் ஹியுங்-மின் அடித்தவை. வட கொரியாவிடம் கொழும்பில் தோற்றதோ 1-0 என்றுதான். பின்களக்காரர் ஒருவரின் கை அந்த அணியில் இருந்ததற்கு அந்த ஆட்டம் சாட்சி என்பது என் கணிப்பு.

2020 தொடக்கத்தில் அவர் போனார். அமீர் அலாகிச் வந்தார். பிறகு அன்டி மொரிசன், கீத் ஸ்டீவன்ஸ், அப்துல்லா அல்முத்தைரி. இடையில் 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தையே தடைசெய்து, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. வந்தவர்கள் கெட்டிக்காரர்களா இல்லையா என்பதல்ல வழக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேளகாரனை மாற்றினால் எந்தக் கல்யாணத்தில் தாளம் பிடிபடும்?

இந்த இரண்டு கதைக்கும் நடுவில் ஒலுவில் வருகிறது. 1995இல் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியில் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் கழகம் இல்லாத ஊர் இல்லை. அஸருக்குப் பின் மைதானத்துக்குப் போனால் முழங்காலில் பட்டி கட்டிய முப்பத்தைந்து வயதுக்காரர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். "டே, பின்னுக்கு வா! ஆளப் புடி!" அந்தக் கத்தலில் பாதி சரியான பயிற்சிதான். அதை முறையாக்க ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் 'சி' உரிமத்தில் தொடங்கி பி, ஏ, புரோ என்று படிகள் உண்டு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டமே படிக்கலாம். ஹார்போ சம்பளமில்லாமல் கற்ற இடம் ஒரு பல்கலைக்கழகம், முதலில் அணியைக் கையில் எடுத்த இடம் இன்னொரு சின்னப் பல்கலைக்கழகம். ஒலுவில் வளாகத்து அணிக்கு அப்படி ஓர் ஓய்வுபெற்ற ஆட்டக்காரரை உதவியாளராக எடுக்க மிச்சிகன் பணம் தேவையில்லை.

கழக நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த சுற்றுப்போட்டிக்குப் புது ஜேர்சி தைக்கக் காசு சேர்ப்பீர்கள். இந்தத் தடவை பழைய ஜேர்சியையே போடுங்கள். அந்தக் காசில் ஆட்டத்தை விட்ட உங்கள் மூத்த வீரர் ஒருவரை 'சி' உரிமப் பாடநெறிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஐந்து வருடத்துக்கு அவரை மாற்றாதீர்கள்.