மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளும் தண்ணீரில் கரையும் ஈயமும்

மல்லேஸ்வரத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தரைக்கு என்ன கல், ஜன்னலுக்கு என்ன மரம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் பைப் விஷயத்தை மட்டும் பிளம்பரிடம் விட்டுவிடுகிறார்கள். "ஜி.ஐ. எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, பிவிசி போட்டுடலாம்" என்று அவர் சொல்வார், வீட்டுக்காரர் தலையாட்டுவார். குடிக்கும் தண்ணீரில் ஈயம் கலக்கிறதா என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வரவேண்டும். கழற்றுகிற பைப்பிலும் ஈயம் இருக்கலாம், பூட்டுகிற பைப்பிலும் இருக்கலாம்.

இங்கே ஈயம் என்று சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் வெள்ளீயம் வேறு உலோகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹெசரகட்டாவிலிருந்து வந்த குழாய்

1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, நெரிசலான பேட்டைப் பகுதியை விட்டு வெளியேறியவர்கள் குடியேறிய புறநகர்களில் மல்லேஸ்வரமும் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், 1974-இல் காவேரி முதல் கட்டம் என்று மூலங்கள் பின்னால் சேர்ந்தன. ஆக, மல்லேஸ்வரத்தின் வயதும் பெங்களூரின் குழாய்த் தண்ணீரின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தெருவில் பதித்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை இணைக்கும் முறை பெரும்பாலான ஊர்களில் ஒன்றே: இடைவெளியில் சணலை அடைத்து, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் தட்டி இறுக்குவார்கள். அந்த ஈயத்தில் தண்ணீர் தொடும் பரப்பு குறைவு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதை மாற்றுவது குடிநீர் வாரியத்தின் வேலையும்கூட. அமெரிக்காவின் சிகாகோவில் நிலைமை வேறு. அங்கே தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயே முழுக்க ஈயத்தால் இருக்க வேண்டும் என்று நகர விதி சொன்னது; 1986-இல் நாடு முழுவதற்கும் தடை வரும்வரை அது நீடித்தது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஓடுவது ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதனால்தான் "நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்று இருந்துவிடுகிறோம்.

வீட்டுக்குள் ஈயம் எங்கே இருக்கிறது

ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு சுத்தமான துத்தநாகம் அல்ல. பழைய பூச்சுகளில் ஒரு விழுக்காடு அளவுக்குக்கூட ஈயம் கலந்திருந்தது. பூச்சு தேயத் தேய அதுவும் தண்ணீரில் இறங்குகிறது. இறங்கியதெல்லாம் வெளியே போய்விடுவதும் இல்லை. உள்சுவரில் படியும் துரு ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் மோட்டார் வேகமாகத் தள்ளும்போதோ, பக்கத்தில் யாராவது குழாயைத் தட்டும்போதோ, துருத்துகளோடு சேர்ந்து டம்ளருக்கு வரும்.

அடுத்தது மரைகள். டெஃப்ளான் டேப் வருவதற்கு முன்பு மரையில் சணலைச் சுற்றி, அதன்மேல் வெள்ளை அல்லது சிவப்புப் பசையைத் தடவி முடுக்குவார்கள். அந்தப் பசைகளில் பல ஈயச் சேர்மங்களால் ஆனவை.

மூன்றாவது, பித்தளைக் குழாய்களும் வால்வுகளும். பித்தளையைக் கடைசலில் எளிதாக வெட்ட அதில் 2, 3 விழுக்காடு ஈயம் சேர்ப்பது வழக்கம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர் தொடும் பாகங்களில் 0.25 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் கூடாது. இங்கே கடையில் பளபளக்கும் குரோமியப் பூச்சுக்கு உள்ளே இருப்பது என்ன என்று வாங்குகிறவர் கேட்பதும் இல்லை, விற்கிறவர் சொல்வதும் இல்லை.

தண்ணீரின் குணமும் முக்கியம். போர் தண்ணீர் கடினமானது. குழாயின் உள்ளே சுண்ணாம்புப் படலம் கட்டும். அது ஒருவகையில் காப்பு. அதே பைப்பில் சில மாதம் போர் தண்ணீர், சில மாதம் காவேரி, கோடையில் லாரித் தண்ணீர் என்று மாறி மாறி விட்டால் அந்தப் படலம் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நடந்தது இதுவே, பெரிய அளவில். 2014 ஏப்ரலில் தண்ணீரின் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. பல்லாண்டு அடங்கிக் கிடந்த ஈயம் கரைந்து வந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015-இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா எடுத்துக் காட்டிய பிறகே அரசு அசைந்தது.

புது பிவிசியை நம்பிவிடாதீர்கள்

பிவிசியைச் சூட்டில் உருக்கி வார்க்கும்போது அது சிதையாமல் இருக்க ஒரு நிலைப்பான் வேண்டும். நெடுங்காலம் அதற்கு மலிவாகக் கிடைத்தவை ஈய உப்புகள். அப்படிச் செய்த பைப்பிலிருந்து, அதிலும் புதிதாகப் பூட்டிய காலத்தில், ஈயம் தண்ணீரில் கசிகிறது. கால்சியம்-துத்தநாகம், வெள்ளீயச் சேர்மங்கள் என்று மாற்று வழிகள் இருந்தும் நம் நாட்டில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2021-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிவிசி பைப்புகளில் ஈய நிலைப்பானைக் கட்டுப்படுத்தத் தனி விதிகளே கொண்டுவந்தது.

விதி வருவதற்கு முன் பூட்டிய பைப்புகள் சுவருக்குள் அப்படியேதான் இருக்கின்றன. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத பைப்பையும், கழிவுநீருக்கான பைப்பையும் குடிநீருக்குப் பூட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. துருப்பிடித்த ஜி.ஐ.யை எடுத்துவிட்டு இதைப் போட்டால், செலவு செய்து நஞ்சை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

ஒரு குழந்தையின் உடலுக்குள்

ஈயத்துக்கு இரத்தத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு இதுவே. உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர் உடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. கால்சியமும் இரும்பும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும், ஏனென்றால் குடல் ஈயத்தைக் கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. பிறகு அது எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து இறங்கிக் கருவுக்கும் போகும். அவள் சிறுமியாக இருந்தபோது குடித்தது, அவள் பிள்ளைக்குச் சேர்கிறது.

வெளியே தெரிகிற அறிகுறி பெரும்பாலும் இருக்காது. கவனம் நிலைக்காதது, படிப்பில் பின்தங்குவது, எரிச்சல், சோகை, மலச்சிக்கல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி என்று எதற்கும் பொருந்துகிற அடையாளங்கள்தான். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இதை இந்தியாவில் முதலில் உரக்கச் சொன்ன ஊர்களில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு 1990-களின் இறுதியில் பெங்களூர், சென்னை, வேலூர் உள்ளிட்ட 7 நகரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 100 மில்லி இரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரிலேயே பன்னாட்டு மாநாடு கூடியது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் ஈய நச்சுக்கென ஒரு தேசிய மையத்தையே நடத்தினார். இத்தனைக்குப் பிறகும், 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி. பழைய பேட்டரியை உருக்கும் பட்டறைகள், பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள் என்று மூலங்கள் பல. தண்ணீர் அவற்றில் ஒன்று. ஆனால் நம் வீட்டுக்குள் நாமே சரிசெய்யக்கூடியது.

முதலில் சோதனை

கையடக்க டிடிஎஸ் மீட்டரைக் காட்டி "தண்ணி நல்லா இருக்கு" என்பதை ஏற்காதீர்கள். அது காட்டுவது லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பு. ஈயத்துக்கு இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் ஈயத்துக்கென்று தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. இரவு முழுக்கக் குழாயைத் தொடாமல் விட்டு, காலையில் சமையலறைக் குழாயில் வரும் முதல் லிட்டரைப் பிடியுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. சம்ப்பிலிருந்து நேராக மூன்றாவது. முதலாவதில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தால் குற்றம் குழாயிலோ அதன் அருகிலோ. இரண்டாவதிலும் இருந்தால் சுவருக்குள் ஓடும் பைப்பில். சம்ப்பிலேயே இருந்தால் வெளியே. மூலத்தை அறிந்துகொண்டால் சில வீடுகளில் சமையலறைக் குழாயை மட்டும் மாற்றினாலே போதும்.

மாற்றும்போது

ஒரு பகுதியை வெட்டி மறுபகுதியை அப்படியே விடுவது மோசமான சிக்கனம். வெட்டும் அதிர்வில் பழைய துரு உதிர்ந்து, சில வாரங்களுக்கு ஈயம் முன்பைவிடக் கூடும். குறைந்தது சமையலறைக்குப் போகும் லைனை டேங்க்கிலிருந்து குழாய்வரை முழுவதும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

சிபிவிசி என்றால் ஐ.எஸ். 15778, சாதாரண பிவிசி என்றால் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பைப்பின் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். ஈயம் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பைப் நல்லதாக இருந்தும், இடையில் பூட்டும் பித்தளை இணைப்புகளில் கோட்டைவிடுவது சகஜம். குடிக்கும் குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாதுகாப்பு. தண்ணீர் மீட்டருக்கு வெளியே கைவைக்க வேண்டுமென்றால் குடிநீர் வாரியத்தின் அனுமதியும் உரிமம் பெற்ற பிளம்பரும் தேவை.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியைத் தண்ணீர்ப் பைப்பில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பைப் வந்ததும் அந்த எர்த் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சரிபார்த்துவிடுங்கள். கீசர் ஓடும் வீட்டில் இது உயிர் விஷயம்.

அதுவரை

தண்ணீரைக் காய்ச்சினால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். யூவி, மண் கேண்டில் ஃபில்டர் இரண்டும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. நீக்கும். ஆர்.ஓ. இல்லாத வீட்டில் காலையில் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கோ துடைக்கவோ ஆகும். கீசர் தண்ணீரைக் காப்பிக்கும் குழந்தையின் பாலுக்கும் எடுக்க வேண்டாம். சூடான தண்ணீர் ஈயத்தை வேகமாகக் கரைக்கும்.

தண்ணீரைச் சரிசெய்தும் ரசம் சோதிக்காத ஈயச் சொம்பில் கொதித்தால் வீண். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. விலை குறைய அதில் காரீயம் கலந்தால், புளி சேரும்போது அது ரசத்தில் இறங்கும். பரம்பரைச் சொம்பானாலும் உலோகச் சோதனை செய்யாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடமும் என்ன உலோகம் என்று கேளுங்கள்.

குழந்தைக்கு ராகியும் கீரையும் எலுமிச்சையும் தாராளமாகக் கொடுங்கள்; கால்சியமும் இரும்பும் நிறைந்த உடல் ஈயத்தைக் குறைவாக ஏற்கும். சோதனையில் ஈயம் தெரிந்த வீட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், குழந்தை மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பைப் மாற்றிச் சில வாரம் கழித்து அதே மூன்று மாதிரிகளையும் மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதல் லிட்டரும் 0.01-க்குக் கீழே வந்த பிறகே குழந்தையின் பாட்டிலை அந்தக் குழாயில் நிரப்பத் தொடங்குங்கள்.