ஜேர்மன் பெடியன், இலங்கை ஜேர்சி! தெரியுமா உங்களுக்கு?

காங்கேசன்துறையிலும் மயிலிட்டியிலும் மாவிட்டபுரத்திலும் பொழுதுபடும்வரை பந்தடிக்கும் பெடியன்களே, இது உங்களுக்குத்தான்!

இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணியின் பட்டியலைப் பாருங்கள். பெரேராக்களுக்கும் டி சில்வாக்களுக்கும் நடுவில் நாக்கைச் சுளுக்கவைக்கும் ஒரு பெயர்: கிளவுடியோ கமர்க்னெக்ட்! 1999 ஜூலையில் ஜேர்மனியில் பிறந்தவர். பின்களத்தில் நின்று எதிரணியை மறிப்பதுதான் வேலை. கோல் அடித்தவனின் படம் பேப்பரில் வரும், மறித்தவனை யார் தேடுவார்? இவரைத் தேடியது ஒரு நாடு!

இவர் வளர்ந்தது ஃபிரைபுர்க் கழகத்தின் இரண்டாவது அணியில். "ரிசேர்வ் ரீம்தானே" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்! ஜேர்மனியில் பெரிய கழகங்களின் இரண்டாவது அணிகளும் சம்பளம் வாங்கும் ஆட்களோடு உண்மையான லீக்கில் மோதுகின்றன. 2021இல் ஃபிரைபுர்க்கின் இரண்டாவது அணி நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்து மூன்றாம் பிரிவுக்கு ஏறியது.

ஏறிய பிறகு அந்த அணி ஆடிய மைதானம் சரிவானது தெரியுமா? ட்ரைசாம் அரங்கில் ஒரு கோல் கம்பத்துக்கும் மறு கம்பத்துக்கும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வித்தியாசம்! நீளமும் வழக்கமான 105 மீற்றர் இல்லை, நாலரை மீற்றர் குறைவு. ஃபிரைபுர்க்கின் முதல் அணி சிறப்பு அனுமதியோடு பல ஆண்டுகள் புண்டஸ்லீகாவே ஆடியது இதே தரையில்தான். இனி "எங்கட கிரவுண்ட் மேடும் பள்ளமும்" என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது!

இதைவிட விசித்திரம் ஒன்று. மூன்றாம் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேரே இரண்டாம் பிரிவு. ஆனால் ஒரு கழகத்தின் இரண்டாவது அணி எத்தனை புள்ளி எடுத்தாலும் மூன்றாம் பிரிவுக்கு மேலே கால் வைக்க விதி விடாது! 2022–23 பருவத்தில் ஃபிரைபுர்க்கின் பெடியன்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். ஏறியது யார்? மூன்றாம் இடத்து ஒஸ்னாப்ரூக்! அடுத்த பருவமே ஃபிரைபுர்க் அணி நான்காம் பிரிவுக்கு இறங்கியது. மேலே போக விரும்பும் இளம் வீரன் வேறு கழகம் தேடித்தான் ஆகவேண்டும்.

கமர்க்னெக்ட் 2022 கோடையிலேயே அதைச் செய்துவிட்டார். போன இடம் டைனமோ ட்ரெஸ்டன்: பழைய கிழக்கு ஜேர்மனியில் எட்டுத் தடவை சம்பியன்! ஆனால் இவர் போன வேளையில்தான் அந்தக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குச் சறுக்கியிருந்தது. ஒரு பருவம், இரண்டு பருவம், ஏற முடியவில்லை. மூன்றாவது பருவத்தில், 2025இல், இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது!

நடுவில் 2024இல் வந்ததுதான் இலங்கை ஜேர்சி. அதற்கு முந்திய ஆண்டு நம் நிலைமை ஞாபகமா? 2023 ஜனவரியில் பிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே தடை செய்து, ஓகஸ்டில்தான் விலக்கியது. தடை நீங்கிக் கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2024 செப்ரெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவுடன் கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2. கடைசியில் தண்ட உதைகளில் இலங்கை வென்றது! அடுத்த சுற்றில் தாய்லாந்து இருந்த பிரிவுக்குள் நுழைந்தது.

ஜேர்மனியில் பிறந்தவர் இலங்கைக்கு ஆடலாமா? ஆடலாம்! நாட்டின் குடியுரிமை வேண்டும். அதோடு தாய், தந்தை, பாட்டன், பாட்டி என்று யாராவது ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருந்தாலும் பிஃபா விதி வழிவிடுகிறது.

இங்கேதான் காங்கேசன்துறை வருகிறது. 1990இல் போரினால் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. சீமெந்து ஆலை நின்றது, ரயிலும் நின்றது. 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறை நிலையத்துக்கு ரயில் திரும்பியது. அதற்குள் இந்த மண்ணின் பிள்ளைகள் ஐரோப்பா எங்கும் வேரூன்றிவிட்டார்கள். அந்தத் தலைமுறை பந்து விளையாடாமலா இருக்கும்? வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2024 ஓகஸ்டில், 18 வயதில், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காக முதன்முதல் களமிறங்கினார்!

ஆகவே ஸ்ருட்கார்ட்டிலோ டோர்ட்முண்டிலோ பந்து உதைக்கும் பேரன் உங்களுக்கு இருந்தால், அலுமாரியைத் திறந்து அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் காங்கேசன்துறை என்றிருந்து, குடியுரிமையும் கிடைத்தால், அந்தப் பெடியனும் ஒருநாள் இலங்கைப் பின்களத்தில் நிற்கலாம்!