நூறு நாள் சுத்தம், ஒரு குழந்தையின் கேள்வி

போகிக்கு முதல் நாள் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கும்போதெல்லாம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். "ஒரு பண்டிகைக்கு இத்தனை பாடா!" என்று அலுத்துக்கொள்வேன். நூறு நாள் முன்பே சுத்தம் செய்யத் தொடங்கும் பெண்கள் நம் பக்கத்துக் கேரளத்திலேயே இருந்தார்கள் என்று தெரிந்த பிறகு அலுப்பை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் இடையில் மீனவர் குப்பங்கள். ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள். 1613-ல் இங்கே கோட்டை கட்டியவர்கள் அவர்கள். 1663-ல் கொச்சியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தவர்களும் அவர்களே. அந்தக் கொச்சியையும் பார்ப்போமே என்று குடும்பத்தோடு போயிருந்தோம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயத்தைப் பார்த்தோம். தரையெல்லாம் நீலச் சித்திரம் தீட்டிய சீன ஓடுகள்! அங்கே கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

யூதர்களின் பெரிய பண்டிகை பாஸ்கா. மார்ச், ஏப்ரலில் வரும். எகிப்தில் அடிமைகளாக இருந்த அவர்களுடைய முன்னோர்கள், மோசே முன்செல்ல விடுதலை பெற்று வெளியேறிய நினைவு நாள். அவசரமாகக் கிளம்பியதால் பிசைந்த மாவு புளிக்க நேரமில்லையாம். அதனால் பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் வீட்டில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது.

அரிசியில் ஒவ்வொரு மணியாக

கோதுமை, பார்லி போன்ற மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளித்துவிட்டதாகக் கணக்கு. அதற்குள் பிசைந்து, இட்டு, சுட்டுவிட வேண்டும். இதுதான் 'மட்ஸா' என்ற ரொட்டி.

ஐரோப்பிய யூதர்களில் பலர் பாஸ்காவில் அரிசியைத் தொடுவதில்லை. கொச்சி யூதர்கள் சாப்பிடுவார்கள். ஆனால் அந்த அரிசியை ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள்! வீட்டைச் சுரண்டித் தேய்த்து வெள்ளையடிப்பது, பாஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரம் வைப்பது, உலர்ந்த திராட்சையில் வீட்டிலேயே ரசம் தயாரிப்பது என்று வேலை நீளும். முதல் நாள் இரவு மெழுகுவர்த்தி ஏற்றி, குழந்தைகளோடு மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடுவது யூத வீடுகளில் வழக்கம். கிடைத்ததை மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள்.

கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் என்ற யூதர்கள் உண்டு. முற்காலத்தில் அவர்கள் வேத நூலையே மறந்திருந்தார்களாம். ஆனாலும் இந்த நாட்களில் அடுப்பங்கரையில் இருக்கும் புளிப்புச் சாடியை மூடி வைக்கும் வழக்கத்தை விடவில்லை. நூல் மறந்ததை சமையலறை மறக்கவில்லை, பார்த்தீர்களா?

பண்டிகை இரவில் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். அடிமைத்தனத்தின் கசப்புக்குக் கசப்புக் கீரை. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர். செங்கல் வேலை செய்த களிமண்ணை நினைவூட்ட, கொச்சியில் பேரீச்சம்பழத்தைக் காய்ச்சிய இனிப்புக் குழம்பு. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, "இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி?" என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

பயம் எதற்கு?

ஒரு விஷயம்தான் என் மனதை உறுத்தியது. அந்த நூறு நாளில் சிறு பிழை நேர்ந்தாலும் கணவன், குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து என்று கொச்சிப் பெண்கள் நம்பினார்களாம். விடுதலைப் பண்டிகைக்கு வேலை செய்பவள் நெஞ்சில் இத்தனை பயமா?

நானும் அந்தப் பயத்தில் வெந்தவள்தான். ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பொங்கல் பானை விரிசல் விட்டது. அடுத்த வாரம் என் மூன்று வயதுப் பையனுக்கு வாந்தி, பேதி. "பானையைப் பார்த்து எடுக்க வேண்டாமா?" என்றார் மாமியார். டாக்டர் சொன்னது வேறு: "தண்ணியைக் காய்ச்சிக் குடுங்கம்மா." பையன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் பல வருஷம் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

இதைப் பக்கத்துக் குப்பத்துப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. "இன்னாக்கா, அவங்களும் நம்மள மாதிரிதானா? ஊட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கும்போது வெளக்கு அணைஞ்சாக்கூட எனுக்கு நெஞ்சு பதறுது."

"அடி அசடே, காத்து உன் வெளக்கைப் பார்த்தா வீசுது? வானிலை அறிவிப்பைக் கேட்டுட்டு அனுப்பு. வெளக்கைப் பிரியமா ஏத்து, பயந்து ஏத்தாதே" என்றேன்.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் அந்தக் கேள்வியைக் கேட்க இன்று குழந்தைகள் இல்லை. கடல் தாண்டிய பேரக் குழந்தைகள் அங்கே கேட்கிறார்கள்.

சகோதரிகளே, வரும் போகிக்கு மூலை முடுக்கைத் தேட கணவரையும் குழந்தைகளையும் கூப்பிடுங்கள். "ஏம்மா இதெல்லாம்?" என்று பிள்ளை கேட்டால், வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பயத்தை மட்டும் பழைய பாயோடு சேர்த்து எரித்துவிடுங்கள்!