பேரல் செத்துப்போச்சா? – நெடுந்தூர ரைபிளும் கொஞ்சம் புள்ளியியலும்

1874 செப்டம்பரில் நியூயார்க் லாங் ஐலண்டில், கிரீட்மோர் என்ற மைதானத்தில் ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின. தூரம் 800, 900, 1000 கெஜம். அயர்லாந்து அணி கையில் குழலின் வாய்வழியே மருந்து கிட்டிக்கும் பழைய வகை ரைபிள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் புது வகை. ஜெயித்தது அமெரிக்கா: 934க்கு 931. வெறும் 3 புள்ளி வித்தியாசம். அந்தப் போட்டியில் ஓர் அயர்லாந்து வீரர் நடுப்புள்ளியைச் சரியாக அடித்தார், ஆனால் பக்கத்து ஆளின் இலக்கில்! அதற்கு 4 புள்ளி கிடைத்திருக்கணும், கிடைத்தது சைபர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நெடுந்தூரச் சுடுதலில் ரொம்பப் பிரபலமான தோட்டா 6.5 கிரீட்மோர். ஹார்னடி நிறுவனம் 2007ல் கொண்டுவந்தது. பெயர் அந்த மைதானத்திலிருந்துதான். இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கு. குறி தப்பினால் நாம் முதலில் துப்பாக்கியைத்தான் சந்தேகப்படுவோம். பல நேரம் குற்றவாளி வேறு எங்கேயோ இருப்பான்.

எந்த அளவு துல்லியம்?

இந்த உலகத்தில் எல்லாத்தையும் கோணத்தில்தான் அளப்பார்கள். ஒரு டிகிரியில் 60ல் ஒரு பங்கு ஒரு மினிட். சுருக்கமாக எம்.ஓ.ஏ. 100 கெஜத்தில் அது சுமார் 1.05 அங்குலம், 1000 கெஜத்தில் பத்தரை அங்குலம். "என் ரைபிள் ஒரு எம்.ஓ.ஏ." என்று ஒருத்தர் சொன்னால், அவர் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் விழுகின்றன என்று அர்த்தம். எத்தனை தோட்டா சுட்டார் என்பதுதான் விஷயம். அதுக்கு அப்புறம் வரேன்.

6.5 கிரீட்மோரில் குண்டு நொடிக்குச் சுமார் 2700 அடி வேகத்தில் கிளம்பும். குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் குண்டு நிமிஷத்துக்கு 2,43,000 தடவை சுழல்கிறது! 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த ரைபிளில், 1000 கெஜம் போய்ச் சேரும்போது அது சுமார் 25 அடி கீழே இறங்கியிருக்கும். போய்ச்சேர ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடியும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எது துப்பாக்கி, எது உதிரி பாகம்?

அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விசித்திரம். 1968ம் வருஷத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, போல்ட் ஓடுகிற, சீரியல் நம்பர் பொறித்த உடல்பகுதி – ரிசீவர் – அதுதான் "துப்பாக்கி". குழல், கட்டை, ட்ரிக்கர், ஸ்கோப் எல்லாம் சாதாரணச் சரக்கு, தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ரிசீவர் வாங்க மட்டும் உரிமம் பெற்ற கடைக்காரரிடம் போகணும், 4473 என்ற படிவம் நிரப்பணும், பின்னணிச் சோதனை தேறணும்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஹெச்-1பி மாதிரி குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போல சில விதிவிலக்குகள்தான். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. "நண்பன் வாங்கினான், நானும் வாங்கறேன்" என்று கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். குடியுரிமை வரைக்கும் பாதிக்கிற சமாச்சாரம்.

கூட்டிச் சேர்ப்பது

மென்பொருள்காரர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான உலகம். 1962ல் வந்த ரெமிங்டன் 700 என்ற ரைபிளின் அடிப்பக்க அளவுகள் இன்றைக்கு ஒரு ஏ.பி.ஐ. மாதிரி ஆகிவிட்டன. வேறு வேறு கம்பெனிக்காரர்கள் செய்கிற ரிசீவர்கள், அலுமினியச் சட்டங்கள், ட்ரிக்கர்கள் எல்லாம் அந்த அளவுக்கு ஒத்துப்போகும். ஸ்கோப் மாட்டுகிற பிக்காட்டினி ரெயில் 1995ல் அமெரிக்க ராணுவத் தரமாக எழுதப்பட்டது. ஸ்டாண்டர்ட் இருந்தால் சந்தை வளரும். நம்ம துறையில் பார்த்த அதே கதை.

ஆனா ஒரே ஒரு இடத்தில் அந்தச் சௌகரியத்தை நம்பக்கூடாது. குழல் ரிசீவரோடு சேருகிற இடம். போல்ட் மூடியதும் அதன் முகத்துக்கும் தோட்டா போய் உட்காருகிற இடத்துக்கும் உள்ள இடைவெளிக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். அது கூடினால் பித்தளை உறை கிழியலாம், வாயு முகத்தை நோக்கி வரலாம். அதனால் "கோ", "நோ-கோ" என்று இரண்டு அளவுக் கட்டைகள் வைத்துப் பார்ப்பார்கள். முதலாவதில் போல்ட் மூடணும், இரண்டாவதில் மூடக்கூடாது. குழல் மாற்றினால் இந்தச் சோதனை கட்டாயம். கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் கன்ஸ்மித்திடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மற்ற வேலைகளுக்குத் தேவை ஒரு டார்க் ரெஞ்ச், பொறுமை, ஒரு நோட்டு. ஸ்கோப் வளையங்களின் மேல் மூடி ஸ்க்ரூக்களுக்கு பொதுவாக 15 முதல் 25 இஞ்ச்-பவுண்டு. அலுமினியச் சட்டத்தில் ரிசீவரைப் பிடிக்கிற ஸ்க்ரூக்களுக்கு 65 வரைக்கும் போகும். தயாரிப்பாளர் என்ன சொல்கிறாரோ அதுதான் இறுதி. மரையில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு முறுக்கணும். இல்லாவிட்டால் ரெஞ்ச் காட்டுகிற எண்ணுக்கும் உண்மையான பிடிப்புக்கும் சம்பந்தம் இருக்காது.

"ஒரு ஸ்க்ரூவுக்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். வளையங்கள் இரண்டும் 5 அங்குலத் தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு முனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் அசைந்தால், அதாவது தலைமுடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவு, 100 கெஜத்தில் குறி முக்கால் அங்குலம் நகரும். 1000 கெஜத்தில் 7 அங்குலம். கண்ணுக்குத் தெரியாத அசைவு, காகிதத்தில் பளிச்சென்று தெரியும்.

"தம்பி, பேரல் செத்துப்போச்சு"

என்னோடு வேலை பார்க்கும் ஒரு அண்ணன், மதுரைப் பக்கம், இங்கே குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகுது. போன இலையுதிர்காலத்தில் மான் சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து, "தம்பி, பேரல் செத்துப்போச்சு. மாத்தணும்" என்றார்.

"எத்தனை ரவுண்டு சுட்டுப் பார்த்தீங்கண்ணே?"

"மூணு மூணா நாலு குரூப். ஒன்னு அரை அங்குலம், அடுத்தது ஒன்றரை. அப்புறம் திரும்ப முக்கால். கடைசி ரெண்டு அங்குலம். பைத்தியம் பிடிக்குது."

இங்கேதான் புள்ளியியல் வருது. 3 ரவுண்டு குரூப் என்பது மிகச் சின்ன மாதிரி. நான் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, குறைபாடே இல்லாத ஒரு கற்பனை ரைபிளை லட்சம் தடவை சுட விட்டேன். 3 ரவுண்டு குரூப்பின் சராசரி 1 அங்குலம் என்று வைத்தால், அதே ரைபிளின் 5 ரவுண்டு சராசரி 1.27, பத்து ரவுண்டு சராசரி 1.58. எதுவும் மாறவில்லை, அதிகம் சுட்டால் ஓரத்தில் விழுவதும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று: அந்த 3 ரவுண்டு குரூப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு 0.6க்கும் 1.4க்கும் நடுவில் சிதறின. ஆக, இன்னிக்கு 0.6, நாளைக்கு 1.4 என்று வந்தால் அது நோய் இல்லை, இயல்பு. 0.6 வந்த காகிதத்தை பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு 1.4 வந்த நாளில் குழலைத் திட்டுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று.

ஆனால் அண்ணன் சொன்ன அரையும் இரண்டும் அந்த எல்லைக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்குது. அதனால் "சும்மா இருங்கண்ணே" என்று சொல்லவும் முடியாது. ஒரே பெட்டித் தோட்டா, ஒரே இலக்கு, பத்து ரவுண்டு, குழல் சூடாகாமல் நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுச் சுடச் சொன்னேன்.

காகிதம் வந்தது. ஒரு பெரிய குரூப் இல்லை. இரண்டு சின்ன குரூப். ஒன்றில் ஆறு ஓட்டை, அதற்கு மேலே ஒன்றரை அங்குலம் தள்ளி நாலு ஓட்டை. தேய்ந்த குழல் இப்படிச் சுடாது. அது எல்லாத் திசையிலும் சிதறும். இரண்டு நிலைக்கு நடுவில் ஏதோ ஒன்று தாவிக்கொண்டிருக்கு என்றுதான் இதற்கு அர்த்தம். மூணு மூணா சுட்டபோது சில தடவை மூணும் ஒரே பக்கம் விழுந்து அரை அங்குலம் காட்டியிருக்கு. சில தடவை பிரிந்து விழுந்து இரண்டு காட்டியிருக்கு.

தேடும் வரிசை

முதல் விதி: தோட்டா வேறு அறையில், போல்ட் கழற்றி மேஜையில். அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். விலை குறைந்த சந்தேகத்திலிருந்து விலை கூடிய சந்தேகத்துக்குப் போகணும்.

காகிதமே பாதி சொல்லிவிடும். நெடுக்கில் மட்டும் நீண்டால் தோட்டாவின் வேகம் சீராக இல்லை, அல்லது தோளில் அழுத்துகிற விதம் மாறுது. கிடைமட்டமாக நீண்டால் காற்று, இல்லாவிட்டால் ட்ரிக்கர் விரல். சூடாக ஆக ஒரே திசையில் நடந்து போனால் குழல் கட்டையைத் தொடுகிறதா பாருங்கள். ஒரு காகிதத் துண்டை இடையில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் வரணும். இரண்டாகப் பிரிந்தால் எங்கேயோ லூஸ்.

வரிசை இதுதான்: சுடுகிற ஆள், தோட்டா, ஸ்க்ரூக்கள், குழல் உரசல், ஸ்கோப், அழுக்கு, குழலின் வாய், கடைசியாகக் குழல். முதலாவதுக்கு வேறு ஒருத்தரைச் சுடச் சொன்னால் போதும். ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டால், வேறு ரைபிளில் நன்றாக வேலை செய்கிற ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சர்வரில் கேபிள் மாற்றிப் பார்ப்பது மாதிரிதான்.

அண்ணன் விஷயத்தில் மூன்றாவது படியிலேயே மாட்டிக்கொண்டது. ஸ்கோப்பைக் கழற்றி, அதன் அடியிலிருந்த ரெயிலின் முன்பக்க ஸ்க்ரூக்களில் ரெஞ்சை வைத்தால் கால் சுற்றுக்கு மேல் சுலபமாகத் திரும்பின. வளையங்கள் கல்லு மாதிரி இறுக்கம். அதனால்தான் வெளியிலிருந்து அசைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. துடைத்து, துளி நீல மரைப்பசை வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுநாள் பத்து ரவுண்டு. 1.3 அங்குலம், ஒரே குரூப். செலவு: பசை.

எங்கே நிறுத்தணும்

சில அறிகுறிகள் ஆராய்ச்சிக்கானவை இல்லை. சத்தம் 'புஸ்' என்று குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம், அடுத்தது அதன் மேல் மோதும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிஷமாவது வைத்திருங்கள். போல்ட் தூக்கக் கஷ்டமாக இருந்தால், சுட்ட உறையின் பின்பக்கம் ஓட்டை விழுந்திருந்தால், அழுத்தம் எல்லை தாண்டுது. அந்தத் தோட்டாவை மறுபடி சுடாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

1.3 அங்குலம் போதுமா?

அண்ணனுக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி, இனி 500 கெஜத்துல அடிக்கலாம்ல?" என்றார்.

வேண்டாம் என்றேன். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி சுமார் 8 அங்குல வட்டம். 400 கெஜத்திலேயே இந்த ரைபிளின் சிதறல் 5 அங்குலத்துக்கு மேல். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று குண்டை அங்கே சுமார் 10 அங்குலம் தள்ளும். காற்றைப் பாதி தப்பாகக் கணித்தாலே 5 அங்குலம் போச்சு. வட்டத்தின் ஆரம் 4தான். காகிதத்தில் தப்பினால் ஒரு ஓட்டை. மானில் தப்பினால் வயிறு கிழிந்த ஒரு உயிர், காட்டுக்குள் ராத்திரி முழுக்க. ரைபிளின் சிதறல், நம்ம கை, காற்றுக் கணிப்பு மூன்றையும் சேர்த்து, பத்தில் பத்தும் அந்த வட்டத்துக்குள் விழுகிற தூரம்தான் உங்கள் தூரம். விளம்பரத்தில் போட்ட தூரம் இல்லை.

அண்ணன் வேட்டைக்குப் போகிற நிலையிலேயே – மேஜை இல்லாமல், தோள்பையில் தாங்கி – பத்து ரவுண்டு சுட்டுப் பார்த்தார். 250 கெஜம் என்று அவரே முடிவு செய்து, ஸ்கோப் மூடிக்கு உள்பக்கம் டேப் ஒட்டி எழுதிவைத்தார். அந்த சீசனில் 300 தாண்டி நின்ற ஒரு மானை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். குழல் மாற்றவே இல்லை. பழையதேதான் இன்னும் ஓடுது.

காற்றை எப்படிப் படிப்பது என்பது தனிக் கலை. அதற்கு இன்னொரு குறிப்பு எழுதறேன்.