கட்டுண்ட துணைவன்



நொதிகள் பல, சிறு துணை மூலக்கூறு ஒன்றின்றி இயங்கமாட்டா. அத்துணைவருள் சிலர் வந்து கூடி, வேலை முடிந்ததும் விலகிவிடுவர். பயோட்டின் என்னும் வைட்டமின் அத்தகையதன்று. அது நொதியோடு ‘ஒட்டிக்கொள்கிறது’ என்றே வகுப்பில் பல்லாண்டு சொல்லிவந்தேன்; அச்சொல் போதாது. பைருவேட் கார்பாக்சிலேஸ் என்னும் நொதியில், லைசின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன் அணுவும் பயோட்டினின் கார்பன் அணுவும் எலெக்ட்ரான் இணையொன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதுவே சகப்பிணைப்பு.

இத்துணை இறுக்கம் எதற்கு? ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். சால் கட்டுண்டிருப்பதாலன்றோ கிணற்றில் மொண்டதை வாய்க்காலில் கொட்ட முடிகிறது? பயோட்டினும் நொதியின் ஓரிடத்தில் கார்பாக்சில் தொகுதியை ஏற்று, மற்றோரிடத்துக்கு ஊசலாடிச் சென்று, பைருவேட்டிடம் அதனை இறக்குகிறது. கட்டு இல்லையேல் சுமையோடு எங்கோ மிதந்து போய்விடும்.

நொதி சிதைந்தபின் இக்கட்டை அவிழ்ப்பதற்கென்றே பயோட்டினிடேஸ் என்ற வேறொரு நொதி உண்டு. பிறவியிலேயே அது குறைந்த குழந்தைக்குப் பயோட்டின் மீளாமல் வீணாகிறது; வலிப்பும் செவிட்டுத்தன்மையும் நேரலாம். இக்குறையை 1983-இல் பாரி வுல்ஃப் குழுவினர் கண்டறிந்தனர். பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளிகளே அதனைக் காட்டிவிடும். அவிழ்க்க வேண்டாத, தனித்த பயோட்டினை நாள்தோறும் கொடுத்துவந்தால் குழந்தை நலமாக வளரும். காது கெட்டபின் கொடுத்தாலோ, செவிப்புலன் பெரும்பாலும் மீள்வதில்லை.